மரத்துக்குக் காயம் ஆறுமா?

கோயில் உழவாரப் பணியில் கூட்டிப் பெருக்கி முடித்ததும் அடுத்த வேலை அநேகமாகக் கிளை வெட்டுவதுதான். கூரையில் இடிக்கிற அரசமரக் கிளையை அடியோடு ஒட்ட வெட்டுவோம், வெட்டிய இடத்தில் பெயிண்ட் பூசுவோம், பொந்து இருந்தால் சிமெண்ட் வைத்து அடைப்போம். மூன்றுமே மரத்துக்கு உதவாது. ஏன்னு பார்ப்போமா?

நம் கையில் வெட்டுப்பட்டால் அதே இடத்தில் புதுத்தோல் வந்துவிடும். மரத்தில் அடிபட்ட கட்டை அடிபட்டதுதான். கடைசிவரை உள்ளேயே கிடக்கும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அடைக்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்தே இதை விளக்கினார். 1977-இல் வெளிவந்த அந்த விளக்கத்தில் நான்கு சுவர்கள் உண்டு.

நான் படிப்பது இயந்திரப் பொறியியல், அதனால் எனக்குக் கப்பல்தான் ஞாபகம் வருது. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அந்த அறையை மட்டும் அடைத்துவிட்டு மிதக்கும் இல்லையா? மரமும் அப்படித்தான். நீர் ஏறும் குழாய்களைக் காயத்துக்கு மேலும் கீழும் அடைப்பது முதல் சுவர். அது ரொம்ப லேசானது, அதனால்தான் அழுகல் நெடுக்கவே ஓடுகிறது. இரண்டாவது உள்பக்கம், மூன்றாவது பக்கவாட்டில். நான்காவதுதான் கெட்டி. பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம், காயம் பட்ட பிறகு புதிதாகக் கட்டுவது அது. பழைய கட்டைக்கும் இனி வளரப்போகும் கட்டைக்கும் நடுவே நிற்கும். பூஞ்சை அதைத் தாண்டுவது கஷ்டம். உள்ளே பொந்தான மரம் வெளியே பச்சையாக நிற்கிறதே, அது இதனால்தான்.

தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்களா? கேட்டுப் பாருங்கள், உளி பட்டையோடு நிற்கணும் என்பார்கள். கேம்பியத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டால் புதுப்பட்டை வழவழன்னு வளரும்; சில வருஷம் கழித்து அங்கேயே மறுபடி வெட்டலாம். உளி கட்டையைத் தொட்டுவிட்டால் முண்டு முண்டாக வரும், அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது.

சரி, கோயில் மரத்துக்கு வருவோம். கிளையின் அடியில் வளையம்போல் வீங்கிய பகுதி இருக்கும். மரம் காயத்தை மூடத் தொடங்குவது அங்கிருந்துதான். ஒட்ட வெட்டினால் அதுவும் போய்விடும். பெயிண்ட் அழுகலைத் தடுக்காது. பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் மரம் கட்டிய சுவரையே உடைக்கிறோம்.

கனமான கிளை என்றால் முதலில் ஓரடி தள்ளிக் கீழிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுங்கள். விழும்போது பட்டை உரியாது. மிச்சக் கட்டையை வளையத்துக்கு வெளியே எடுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மட்டும் நாம் தொடவே வேண்டாம்.