கை மட்டும் தெரிந்த காலம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டோரேமானில் வரும் நோபிட்டாவைப் பார்த்தால் என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பட்டப்பகலில் சுருண்டு படுப்பது, எழுந்திரு என்றால் அழுகை முட்டுவது, ஊரே சோம்பேறி என்பது எல்லாம். ‘இருபத்தாறு வயசுல கார்ட்டூனைச் சொல்லிப் புலம்புறான்னு சிரிப்பீங்க’ என்ற வரியை அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அப்படி ஒருவர் உண்டு.

இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர் கதைதான். 1962-ல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் ஆரம்பித்த தொடர் அது. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்த விவரமெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டிக்கடையில் வாடகைக்கு எடுத்த, கடைசிப் பக்கம் கிழிந்துபோன புத்தகம்தான். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் லூயிஸ் கிராண்டேலுக்கு விபத்தில் வலது கை போய், இரும்புக்கை பொருத்தியிருப்பார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எங்கள் தெருவில் அத்தனை பையன்களுக்கும் மாயாவி ஆக ஆசை. பிளக்கில் விரலை வைக்கப் போய் முதுகில் வாங்கியவர்களும் உண்டு.

நான் ஆனது நாற்பத்தைந்து வயதில். அப்போது பரவை காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். விடிவதற்கு முன்னே லாரி வந்துவிடும். தக்காளி எத்தனை பெட்டி, கத்திரிக்காய் எத்தனை சிப்பம், யார் பேரில் பற்று. கை பாட்டுக்கு எழுதும். கூட்டலில் ஒரு பிழை இருக்காது. எழுதுகிறவன்தான் அங்கே இல்லை. படுத்தால் தூக்கம் வராது. குழம்பில் உப்பு போட்டிருக்கிறதா என்று நாக்குக்குத் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்து நீட்டினாள். கை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

“வேலைக்குப் போறாரு, வர்றாரு, என்ன கொறச்சல்?” என்றுதான் வீட்டில் பேச்சு. அம்மா மட்டும் கோடாங்கியிடம் போய்த் திருநீறு வாங்கி வந்தார். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆளைக் காணோம் என்று முதலில் தேடக் கிளம்பியவர் அவர்தான்.

ஒருநாள் பரணில் பழைய மாயாவி ஒன்று அகப்பட்டது. ஒரு கட்டத்தில் இரும்புக்கை தனியாக மிதந்துபோய்க் கதவைத் திறக்கிறது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அது பலமாகத் தெரிந்தது. இப்போதோ, கை நடமாடுகிறவரை ஆள் இருப்பதாகவே எல்லோரும் நம்பிவிடுகிறார்கள் என்று பட்டது. கதை எழுதியவர் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார். ஆனால் ‘மனசு சரியில்ல’ என்று சொல்லக்கூட வாய் வராமல் கிடந்தவனுக்குக் காட்ட ஒரு படம் கிடைத்தது.

காட்டியது மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு தம்பியிடம். “அண்ணே, டீ ஆடை கட்டிப்போச்சு. மூணு நாளா பாக்குறேன், வாங்கி வைக்கிறீங்க, குடிக்க மாட்டேங்குறீங்க” என்றார். “கை மட்டுந்தாம்ப்பா வேலை பாக்குது, நான் இல்ல” என்றேன். அவர் மாயாவி படித்தவரல்ல. ஆனாலும் அந்த வாரமே ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, என்னோடு பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு வரைக்கும் வந்தார். தூக்கம், பசி, எத்தனை வாரமாக என்று மருத்துவர் கேட்டுக்கொண்டே வந்து, மனச்சோர்வு என்றார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னார்.

மின்சாரத்தின் வேகம் இறங்கினால் மாயாவிக்கு உடம்பு தானாகத் திரும்பிவிடும். எனக்கும் அப்படித் திரும்பும் என்று காத்திருந்ததில்தான் எட்டு மாதம் போனது. அதனால் சொல்கிறேன்: நீங்கள் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் விடியட்டும் என்றுகூடத் தள்ளாதீர்கள். அப்போதே பேசுங்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். மருத்துவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நோபிட்டா என்றே ஆரம்பியுங்கள்.

எனக்கு முதலில் திரும்பியது நாக்கு. ஒரு விடியற்காலையில், இவ்வளவு சர்க்கரையா போடுவது என்று டீக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்தத் தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

போய்விட்டு வந்து எழுதுங்கள். பரவைப் பக்கம் வந்தால் அந்தக் கடைக்கே கூட்டிப்போகிறேன். இப்போதும் சர்க்கரை தூக்கலாகத்தான் போடுகிறார்.

அன்புடன்,
பரவையிலிருந்து உங்கள் அண்ணன்