அரசி என்னும் பெயருடைய தாய்

அன்பும் பற்றும் ஒன்றா? சாதகர்கள் பலர் எழுப்பும் வினா இது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் பற்று, நேசிப்பவரைத் தன்னருகில் வைத்துக்கொள்ள விழைகிறது. அன்பு அவரது நலனை மட்டுமே நாடுகிறது. இவ்விரண்டும் பிரியும் இடத்தை ஓர் ஆர்மீனியத் தாயின் வாழ்வில் தெளிவாகக் காணலாம்.

தக்கூஹி சரோயனின் குடும்பம், அன்று ஆட்டோமன் பேரரசிலும் இன்று துருக்கியிலும் உள்ள பிட்லிஸ் நகரைச் சேர்ந்தது. ஆர்மீனிய மொழியில் 'தக்கூஹி' என்றால் அரசி. அவருடைய கணவர் அர்மெனாக் ஒரு சமயப் போதகர். அவர் 1905-இல் அமெரிக்கா சென்றார். பின்னர் தக்கூஹியும் குழந்தைகளும் அவரிடம் போய்ச் சேர்ந்தனர். கடைசி மகன் வில்லியம் 1908-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் பிறந்தான். 1911-இல் அர்மெனாக் காலமானார். அன்னிய மண், அறியாத மொழி, நான்கு குழந்தைகள்!

தக்கூஹி குழந்தைகளை ஓக்லாந்து நகரில் ஓர் அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டு வேலைக்குச் சென்றார். அரசி என்று பெயர் பெற்றவர் பிறர் இல்லத்தில் பணிப்பெண் ஆனார்.

'பெற்றவள் உயிரோடு இருக்கும்போது அநாதை இல்லமா?' என்று உலகம் கேட்கக்கூடும். 'பட்டினியானாலும் சேர்ந்தே கிடப்போம்' என்பது பற்றின் குரல். 'என்னைப் பிரிந்தாலும் இவர்கள் உண்டு உறங்கி வளரட்டும்' என்பது அன்பின் முடிவு. அந்த முடிவு வலியற்றது அன்று. தாய்க்கும் வலித்தது, சேய்களுக்கும் வலித்தது. தியாகம் என்பது வலி இல்லாமை அன்று. வலியைத் தாங்கியபடியே கடமையில் நிற்பது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1916-இல், குடும்பம் பிரெஸ்னோவில் ஒன்று சேர்ந்தது. தாய் அங்கே உணவுப் பொருள்களை டப்பாக்களில் அடைக்கும் ஆலையில் உழைத்தார். மறைந்த கணவர் எழுதியவற்றை அவர் மகனிடம் காட்டினார். அவற்றைக் கண்ட வில்லியம், தானும் எழுத்தாளனாக உறுதி பூண்டான்.

1943-இல் வெளிவந்த 'தி ஹ்யூமன் காமெடி' என்னும் நாவலை வில்லியம் சரோயன் தம் தாய்க்கே அர்ப்பணித்தார். தாய்க்கு ஆங்கிலத்தைவிட ஆர்மீனிய மொழியே இயல்பாக வரும்; மகனுக்கோ ஆர்மீனிய எழுத்து தெரியாது. எனவே நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கிடைக்கவேண்டும் என்று அர்ப்பணிப்புரையில் அவர் விரும்பினார். போரில் மகனை இழந்த ஒரு தாய், அவனுடைய அநாதை நண்பனைப் புன்னகையுடன் வரவேற்பதோடு அக்கதை நிறைவடைகிறது. அநாதை இல்லத்தில் வளர்ந்த மகன் தன் தாய்க்கு அளித்த காணிக்கை இது. தாயின் அன்பை அவன் உணர்ந்திருந்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1900-இல் இதே கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் பேசிய சுவாமி விவேகானந்தர், இந்தியப் பெண்மையின் லட்சியம் தாய்மையே என்றார். தன்னலமின்றி அனைத்தையும் தாங்குபவள் தாய் என்று விளக்கினார். அந்த லட்சியம் எந்த நாட்டுக்கும் இனத்துக்கும் மட்டும் உரியதன்று.

நாம் ஒருவரை நேசிக்கும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நான் நாடுவது அவரது நலனையா, அவரது அருகாமையையா? விடை நேர்மையாக அமையுமானால், இல்லறமும் தவமாகும்.