முற்றத்துத் தொட்டியில் காய்கறி: நோன்பிற்கு இசைந்த வழி

வீடூர், பெருமண்டூர், மேல்சித்தாமூர் முதலிய ஊர்களில் நம் முன்னோர் உழுதுண்டு வாழ்ந்தனர். கல்வியின் பொருட்டும் அலுவலின் பொருட்டும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இன்று நிலம் என்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி முற்றமே. அம்முற்றத்தில் தொட்டிகளை வைத்துக் காய்கறி பயிரிடும் வழக்கம் அண்மைக் காலத்தில் பெருகி வருகிறது. தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-ஆம் ஆண்டு சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, வளர்ப்புப் பையும் தென்னை நார்க்கழிவும் சிறு நகரக் கடைகளிலும் எளிதில் கிடைக்கின்றன.

ஆயினும், நம் சகோதரி ஒருவர் எழுப்பிய ஐயம் நம்மைச் சிந்திக்க வைத்தது. "செடி வைத்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் மருந்தடிக்க வேண்டும். அந்தப் பாவத்தை வீட்டுக்குள் அழைப்பதைவிடச் சந்தையில் வாங்குவது மேலல்லவா?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. தோட்டக் கையேடுகளில் இதற்கு விடை இல்லை.

ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்து, கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றிலும் விலக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். சமைத்தல், நீர் இறைத்தல், மண்ணைக் கிளறுதல் ஆகியவற்றில் நேரும் ஆரம்ப ஹிம்சையை இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். சந்தைக் காயை வாங்கினால் இவை இரண்டிலிருந்தும் தப்பிவிடலாம் என்று கருதுவது பிழை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வழிகளிலும் வினை வந்து சேரும் என்பது நாம் கற்ற பாடம். கத்தரியைத் தாக்கும் காய்த்துளைப்பான் புழு, முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திற்குள் தண்டையோ காயையோ துளைத்து உள்ளே சென்றுவிடும். உள்ளே சென்ற புழுவை மருந்து எட்டாது. ஆகவே வயலில் மீண்டும் மீண்டும் தெளிக்கிறார்கள். பளபளப்பான அந்தக் காயை விலை கொடுத்து வாங்கும் நாம் அத்தெளிப்பிற்கு உடன்பட்டவர்கள் ஆகிறோம். எனவே முற்றத்தில், கண்ணெதிரே, நம் பொறுப்பில் விளைவிப்பதே மேல் என்பது நம் கருத்து. ஆனால் அதற்கெனச் சில முறைகளை மேற்கொள்ள வேண்டும்.

முதலில் வெயிலைக் கவனிப்போம். நம் பகுதி ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரை பத்தாம் நாளை ஒட்டியும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். மார்கழித் தொடக்கத்திலோ தெற்கே வெகுவாகச் சாய்ந்துவிடும். அப்போது பத்தடி உயரமுள்ள தென்புறச் சுவரின் நண்பகல் நிழல் ஏழடி நீளும். பத்தடி முற்றத்தில் வடக்கு ஓரத்து மூன்றடி மட்டுமே அன்று வெயில் காணும். இதை அறியாமல் தென்சுவரை ஒட்டித் தக்காளித் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, விதைக்கடைக்காரரை நொந்துகொண்ட காலம் நமக்கும் உண்டு. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றிற்கு நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் வேண்டும். மூன்று நான்கு மணி நேரமே வெயில் விழும் இடத்தில் கீரை, புதினா, கொத்தமல்லி ஆகியவற்றோடு நிறைவடைய வேண்டியதுதான்.

தொட்டி எதுவாயினும் தாழ்வில்லை. பழைய வாளி, எண்ணெய் டின், சிமெண்டுத் தொட்டி, சாக்குப் பை எல்லாம் உதவும். கீரைக்கு அரையடி ஆழம், காய்ச்செடிகளுக்கு ஓரடி, கொடிகளுக்கு ஒன்றரை அடி தேவை. ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள வட்டத் தொட்டி ஏறத்தாழ 21 லிட்டர் கலவை கொள்ளும். அதில் ஒரு செடிதான் நட வேண்டும். ஆசையால் மூன்று நட்டால் மூன்றும் மெலியும். காற்றோட்டம் குன்றிப் பூச்சியும் சேரும்.

செம்மண், நார்க்கழிவு, நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலக்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்குமாதலால் இருமுறை நீரில் அலசிப் பிழிந்துகொள்ள வேண்டும். உரத்தில் மிகுந்த விழிப்பு தேவை. கடைகளில் ஆயத்தமாக விற்கும் மண்கலவைகள் சிலவற்றில் எலும்புத் தூள் கலந்திருக்கும். இயற்கை வேளாண்மையின் பெயரால் மீன் அமிலமும் முட்டைக் கரைசலும் பலராலும் பரிந்துரைக்கப்படுகின்றன. இயற்கை என்ற சொல்லைக் கேட்டவுடன் மயங்காமல், பையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குக. நமக்கு ஏற்ற உரம் நம் ஊரிலேயே இருக்கிறது. திண்டிவனம் என்றாலே நிலக்கடலை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை இரகங்கள் ஊரின் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்றே அழைக்கப்படுகின்றன. கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் தழைச்சத்து உண்டு. அதைப் பொடித்து, தொட்டி ஒன்றிற்கு ஒரு கைப்பிடி வீதம் மாதம் ஒருமுறை மண்ணுக்குள் கலந்து மூட வேண்டும். மேலே தூவிவிட்டால் எறும்பு மொய்க்கும். பிறகு அவற்றை மிதிக்க நேரும்.

இனிப் பூச்சிக்கு வருவோம். புழுவை ஈரறிவுயிர் என்றும், எறும்பை மூவறிவுயிர் என்றும், வண்டை நாலறிவுயிர் என்றும் தத்துவார்த்த சூத்திரம் பகுக்கிறது. செடியில் இவை அனைத்தையும் காண்கிறோம். வேப்பெண்ணெய் பூச்சியை விரட்டுமேயன்றிக் கொல்லாது என்று நம்மில் பலர் நம்பி வருகிறோம். நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம். உண்மை வேறு. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சிக்கு உணவில் வெறுப்பூட்டுவதோடு, இளம் புழு தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. தோலுரிக்க இயலாத புழு மடிகிறது. மஞ்சள் நிற ஒட்டுப்பொறியும் விளக்குப்பொறியும் கொல்லும் கருவிகளே என்பதை விளக்க வேண்டியதில்லை. அறியாது செய்தது ஒருபுறம் இருக்க, அறிந்தபின் இவற்றை நோன்புடையோர் கையாள முடியாது.

எஞ்சியிருப்பது வராமல் காத்தலே. அதற்கு வலை சிறந்தது. நான்கு மூங்கில் குச்சிகளை நட்டு, நாற்றுப் பருவத்திலேயே கொசுவலைத் துணியால் தொட்டியை மூடிவிட்டால், காய்த்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி முட்டையிட இடமின்றி வேறிடம் செல்லும். வெள்ளை ஈயைத் தடுக்க அங்குலத்திற்கு 40 கண்ணிகளுக்குக் குறையாத நெருங்கிய வலை தேவை. மூடுமுன் இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்துக்கொள்க. உள்ளே பூச்சியை வைத்து மூடினால் பயனில்லை. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை ஆகியவை தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவையாதலால் வலையைத் திறக்க வேண்டியதில்லை. பூத்த காலையில் செடியை மெல்ல அசைத்துவிட்டால் போதும். கொடிகளின் நிலை அவ்வாறன்று. அவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பாகல் காலையில் மலரும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும். அவ்வேளையில் ஆண் பூவைக் கொய்து பெண் பூவின் நடுவில் நாமே தடவலாம், அல்லது வலையை விலக்கி வண்டுகளுக்கு வழிவிடலாம்.

வெண்டையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது அர்கா அனாமிகா என்னும் இரகம். அத்தகைய விதையைத் தேர்ந்தாலே பாதி இடர் குறையும். எறும்பு வரிசையாகச் செடியில் ஏறுமானால் தளிரில் அசுவினி இருக்கிறது என்று கொள்க. அது கசியவிடும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது. அந்தத் தளிரை மட்டும் கிள்ளி, வெளியே புதர்ச்செடியின் மேல் வைத்துவிடலாம். பொறிவண்டு வந்து அசுவினியைத் தின்றால் அது அதனதன் இயல்பு. நாம் அழைக்கவும் வேண்டா, துரத்தவும் வேண்டா. இத்தனைக்குப் பிறகும் ஒரு செடி முழுதும் பூச்சிக்கு இரையானால், அச்செடியை அவற்றிற்கே விட்டு, தொட்டியைச் சுவர்ப்புறம் நகர்த்தி வைப்பதே நம் வீட்டு வழக்கம். சென்ற கோடையில் அவ்வாறு இரண்டு கத்தரிச் செடிகளை இழந்தோம்.

நீரிலும் ஒரு செய்தி உண்டு. தொட்டியின் கீழ்த் தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். கோடையில் பத்து நாட்களுக்குள் அது கொசுவாகிப் பறந்துவிடும். புழு தோன்றிய நீரைக் கொட்டுவது உயிர்க்கொலை. கொட்டாமல் விடுவது குழந்தைகளுக்குக் கேடு. எனவே தட்டே வைக்காமல், தொட்டியைச் செங்கல் மேல் நிறுத்துக. அடித்துளைகள் அடைபடாமல் இருப்பதும் இன்றியமையாதது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் நாம் கண்ட தொட்டிகளுள் துளை திறந்திருந்தவை பிழைத்தன. மற்றவற்றில் வேர் அழுகியது.

எதை எப்போது விதைப்பது என்பதிலும் நம் வழி சற்று வேறுபடும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவை தொட்டிக்கு எளியவை என்று கையேடுகள் கூறும். கந்தமூலங்களை விலக்கும் நமக்கு அவை வேண்டா. சாதுர்மாஸ்ய மாதங்களில் கீரையை விலக்குவோர் நம்மில் பலர். ஆகவே அம்மாதங்களில் கீரைத் தொட்டிகளில் கொத்தவரையும் வெண்டையும் இடுக. கீரையை மார்கழி முதல் பங்குனி வரை விதைத்துக்கொள்ளலாம். பகல் வெப்பம் 35 பாகைக்கு மேல் சென்றால் தக்காளிப் பூ உதிரும். எனவே புரட்டாசியில் நாற்று விட்டு, தைக்குள் காய் காண வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் வெண்டையும் கொத்தவரையும் தாங்கும்.

அட்டமி, சதுர்த்தசி நாட்களில் பச்சைக் காய்கறியைத் தவிர்க்கும் இல்லங்களில் மற்றொரு கவனம் வேண்டும். வெண்டை பூத்த ஐந்தாறு நாட்களில் பறிக்கப்பட வேண்டும். இரு நாள் தாமதித்தால் நாராகிவிடும். முந்தைய நாள் காலையிலேயே பறித்துச் சமைத்துவிடுக.

கீரை பறிக்கும்போது லேசியைகளை விளக்கும் ஆறு மனிதர் கதையைக் குழந்தைகளுக்கு நினைவூட்டலாம். ஒருவன் மரத்தையே வேரோடு சாய்க்க எண்ணினான். கடைசி மனிதன் கீழே உதிர்ந்த கனிகளோடு நிறைவடைந்தான். முளைக்கீரையை வேரோடு பிடுங்குகிறோம். அரைக்கீரையோ அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் கிள்ளக் கிள்ளத் துளிர்த்துப் பல மாதம் தரும். முதல் தொட்டியில் அரைக்கீரையே இடுக. விதை மிகச் சிறியதாதலால் மணலோடு கலந்து தூவி, மெல்லிய துணி வழியே வடிகட்டிய நீரைக் கையால் தெளிக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளை காணும்.