எண்ணும்மையும் மின்சில்லும்

முன்னுரை

ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூரே இன்றைய தருமபுரியாகும். வாழ்நாளை நீட்டிக்கும் கனியால் புகழ்பெற்ற அம்மண்ணில், நிலத்தடி நீரில் மிகுந்திருந்த புளோரைடு உப்பு மக்களின் பல்லையும் எலும்பையும் நலிவித்து வந்தது வருந்தத்தக்க முரணாகும். அக்குறையைப் போக்கவே, காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பெற்று, 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்றது.

ஆற்றுநீர் ஊரை வந்தடைந்தால் மட்டும் போதாது. அது தரைமட்டத் தொட்டியிலிருந்து மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு ஏறவேண்டும். மோட்டாரை உரிய வேளையில் இயக்கவும் உரிய வேளையில் நிறுத்தவும் ஒருவர் விழித்திருக்கவேண்டும். அவர் அயர்ந்தால் நீர் வழிந்து வீணாகும். அல்லது நீரின்றி ஓடி மோட்டார் கருகும். மோட்டார் பழுதுபட்டுத் தொட்டி வறண்டால், மக்கள் மீண்டும் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே நாடுவர்.

இக்காவற்பணியை ஒரு சிறு மின்சில்லிடம் ஒப்படைப்பது எங்ஙனம் என்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நிரல்படுத்தத்தக்க தருக்கச் சில்லுகளை அமைக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்த்துறை மலரில் இத்தகு பொருள் எதற்கு என வினவுவோர்க்கு, இச்சில்லை அமைக்கும் பணியின் முதற்பகுதி மொழியைச் சார்ந்தது என்பதே நம் விடையாகும்.

கருவிக்குக் கட்டளை எழுதிய முன்னோர்

கருவியின் செயலை முன்கூட்டியே வகுத்து வைக்கும் எண்ணம் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூசா எனப்படும் உடன்பிறந்தார் மூவர், நீர்மட்டத்தைத் தாமே கட்டுப்படுத்தும் மிதவை அடைப்பான்களைத் தம் கருவிநூலில் விளக்கினர். 1206ஆம் ஆண்டளவில் தம் நூலை நிறைவுசெய்த அல்-ஜஸரி, படகில் அமர்ந்து இசைக்கும் பொம்மைகளைப் படைத்தார். சுழலும் உருளையில் பதிந்த முளைகள் நெம்புகோல்களைத் தட்ட, பொம்மைகள் முரசறைந்தன. முளைகளின் இடம் மாறினால் தாளமும் மாறும். 1804ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த தறியில், அட்டையில் இட்ட துளைகளே நெசவின் பூவேலையை முடிவு செய்தன.

முளை உள்ளதா, இல்லையா. துளை உள்ளதா, இல்லையா என்னும் இருநிலை வேறுபாடே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. இன்றைய தருக்கச் சில்லில் இணைப்பு உள்ளதா, இல்லையா என்பதும் அதுவே.

மூன்று சொற்களால் ஆகிய உலகம்

மின்னணுச் சுற்றுகள் ஒன்று, சுழி என்னும் இரண்டே மதிப்புகளைக் கொண்டு இயங்குவன. அவற்றை இணைக்கும் அடிப்படை வாயில்கள் மூன்று. எல்லா உள்ளீடும் ஒன்றாயின் மட்டுமே ஒன்றைத் தருவது உம்மை வாயில். உள்ளீடுகளுள் ஏதேனும் ஒன்று ஒன்றாயினும் ஒன்றைத் தருவது அல்லது வாயில். உள்ளீட்டை மாற்றித் தருவது இல்லை வாயில்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவை அயலானவை அல்ல. எண்ணும்மை, விகற்பம், எதிர்மறை என நாம் வகுப்பறையில் பயில்வனவற்றின் சாயலை இவற்றிற் காணலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியர் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் கூறினார். இடமறிந்து பொருள்கொள்ளும் ஆற்றல் மாந்தர்க்கு உண்டு, சில்லுக்கு இல்லை. அது எண்ணும்மை ஒன்றையே அறியும். ஆகவே, நாம் கூறவிழைவதை ஐயத்திற்கு இடமின்றிக் கூறுதல் இத்துறையில் இன்றியமையாததாகின்றது.

சில்லின் அகம்

முற்காலத்தில், வேண்டிய வாயில்களைத் தனித்தனிச் சில்லுகளாக வாங்கிப் பலகையில் பற்றவைத்தனர். சுற்றில் ஒரு சிறு மாற்றம் வேண்டினும் பலகையையே மாற்ற நேர்ந்தது. இவ்விடர்ப்பாட்டை நீக்க, உள்ளிணைப்புகளைப் பயனாளரே முடிவுசெய்யும் சில்லுகள் 1970களில் தோன்றின. 1978ஆம் ஆண்டில் வெளிவந்த பி.ஏ.எல். வகைச் சில்லு இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. அதன் 16எல்8 என்னும் வகையில் 2,048 நுண்ணிய உருகிகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்திருந்தன. வேண்டாத உருகிகளை மின்னோட்டத்தால் எரித்துவிட, எஞ்சிய இணைப்புகளே சுற்றாகும். எரித்த உருகியை மீண்டும் ஒட்டுதல் இயலாது. பிழை நேர்ந்தால் சில்லைக் களையவேண்டியதே. 1980களின் நடுவில், மின்சாரத்தாலேயே அழித்து மீண்டும் எழுதத்தக்க ஜி.ஏ.எல். சில்லுகள் வந்து இக்குறையைப் போக்கின.

1985ஆம் ஆண்டில் சைலிங்சு நிறுவனம் எக்சு.சி.2064 என்னும் சில்லை வெளியிட்டது. எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் வகையின் முன்னோடி அதுவே. அதில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. இவ்வகைச் சில்லில் வாயில்களுக்குப் பதிலாகச் சிறு விடைப்பட்டியல்கள் உள்ளன. நான்கு உள்ளீடுகள் எனில், அவை 16 வகையாகச் சேரக்கூடும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை ஒன்றா, சுழியா என 16 நினைவறைகளில் எழுதிவிட்டால், அப்பட்டியலே ஒரு சுற்றாகச் செயற்படும். அறைகளின் நிரப்பை மாற்றிமாற்றி 65,536 வகைச் சுற்றுகளை அவ்வொரு கட்டத்திலேயே பெறலாம்.

இங்கு மாணாக்கர் பலர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. கணினிச் செயலி கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செய்வது. தருக்கச் சில்லோ கட்டளையைப் படிப்பதன்று. அக்கட்டளையின் வடிவையே தன் உடலாகக் கொள்வது. அதன் பகுதிகள் யாவும் ஒரே வேளையில் இயங்குகின்றன. தொட்டி மோட்டார் போன்ற சிறு பணிக்கு மலிவான நுண்கட்டுப்படுத்தியே போதுமெனினும், முழுமையும் ஒரு தாளில் எழுதிக் காணத்தக்க எளிமை கருதி நாம் அதனை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

எடுத்துக்காட்டு: மேல்நிலைத் தொட்டி

தொட்டியில் இரண்டு மிதவைச் சுவிட்சுகள் உள்ளன எனக் கொள்வோம். நீர் மேற்குறியைத் தொட்டால் 'மேல்' என்னும் உள்ளீடு ஒன்றாகும். நீர் கீழ்க்குறிக்கு மேல் நின்றால் 'கீழ்' ஒன்றாகும். தரைத்தொட்டியில் போதிய நீர் இருப்பின் 'அடி' ஒன்றாகும். மூன்று முனைகளிலும் மின்சாரம் இருப்பின் 'மும்முனை' ஒன்றாகும். ஒரு முனை விடுபட்ட நிலையில் மோட்டாரை ஓட்டினால் சுருள் கருகும் என்பதை நம் உழவர்கள் நன்கறிவர்.

குறிகள் இரண்டு எதற்கு? ஒரே குறி இருப்பின், நீர் சற்றே தளும்பினும் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக அலைக்கழியும். கீழ்க்குறிக்குக் கீழே இறங்கியபின் தொடங்கி, மேற்குறியைத் தொடும்வரை நிரப்புவதே முறை. இடைப்பட்ட நிலையில் மோட்டார் ஓடவேண்டுமா என்பது முன்பு அது ஓடியதா என்பதைப் பொறுத்தது. ஆகவே சில்லுக்கு ஒரு நினைவு வேண்டும். கடிகாரத் துடிப்புத்தோறும் ஒரு மதிப்பை ஏற்று, அடுத்த துடிப்புவரை காத்து நிற்கும் பதிவி அந்நினைவாகும்.

முதன்முறை சிந்திப்போர் விதியைப் பெரும்பாலும் இவ்வாறு எழுதுவர்: தரைத்தொட்டியில் நீர் இருந்து, மும்முனை மின்சாரமும் இருந்து, மேற்குறி நனையாமலிருந்து, கீழ்க்குறி வறண்டோ மோட்டார் முன்பே ஓடிக்கொண்டோ இருந்தால் மோட்டார் ஓடுக. உள்ளீடு நான்கு, நினைவு ஒன்று. ஆக 32 சேர்க்கைகள். அவற்றுள் மூன்றில் மட்டுமே விடை ஒன்று.

பிழையும் திருத்தமும்

இவ்விதி குறையற்றதெனத் தோன்றும். ஆயினும் ஊருக்குக் கொண்டுசென்றால் அதன் குற்றம் வெளிப்படும். தொட்டி பாதி நிறைந்த வேளையில் ஒரு முனை மின்சாரம் நொடிப்பொழுது போய் வருகின்றது. மோட்டார் நிற்கின்றது, அதனுடன் 'ஓடிக்கொண்டிருந்தேன்' என்னும் நினைவும் அழிகின்றது. மின்சாரம் திரும்பினும், கீழ்க்குறி நனைந்தே இருப்பதால் மோட்டார் மீண்டும் தொடங்காது. நீர் கீழ்க்குறிக்கு இறங்கும் வேளையில் மின்தடை நேரின் ஊர் முழுவதும் வறண்ட குழாயுடன் நிற்கும். சில்லில் பழுதில்லை, நாம் எழுதிய வாக்கியத்தில்தான் பழுது.

தொட்டியை இயக்கும் பணியாளரை வினவினால், "நிரப்பத் தொடங்கினால் நிறையும்வரை விடமாட்டோம், கரண்டு போனால் வந்ததும் மறுபடி போடுவோம்" என்பார். 'நிரப்பவேண்டும்' என்னும் எண்ணம் வேறு. 'மோட்டார் ஓடுகின்றது' என்னும் செயல் வேறு என்பதை அவர் கூற்று உணர்த்துகின்றது. முதல் விதியில் நாம் இவ்விரண்டையும் ஒன்றாக்கி மயங்கினோம். இப்போது விதியை இரண்டு வாக்கியங்களாகப் பிரிப்போம்.

ஒன்று: மேற்குறி நனையாமலிருந்து, கீழ்க்குறி வறண்டோ முன்பே நிரப்பு நிலையிலோ இருந்தால், நிரப்பு நிலை நீடிக்க.

இரண்டு: நிரப்பு நிலையும், அடிநீரும், மும்முனை மின்சாரமும் இருந்தால் மோட்டார் ஓடுக.

முதல் வாக்கியத்தின் விடைப்பட்டியல் வருமாறு. மேல், கீழ், பழைய நிரப்பு நிலை என்னும் வரிசையில் மதிப்புகளும், இறுதியில் புதிய நிரப்பு நிலையும் தரப்பெற்றுள்ளன.

0, 0, 0 எனில் 1
0, 0, 1 எனில் 1
0, 1, 0 எனில் 0
0, 1, 1 எனில் 1
1, 0, 0 எனில் 0
1, 0, 1 எனில் 0
1, 1, 0 எனில் 0
1, 1, 1 எனில் 0

ஐந்தாம், ஆறாம் வரிகள் இயற்கையில் நிகழா. மேற்குறி நனைந்து கீழ்க்குறி வறண்டிருத்தல் இயலாது. அந்நிலை தோன்றினால் மிதவை பழுதுற்றது என்பது பொருள். நிகழாது என எண்ணி அவ்வரிகளை விட்டுவிடாமல், அங்கும் மோட்டார் நிற்குமாறு எழுதுதலே அறிவுடைமை. அவ்வாறே மேற்குறியின் கம்பி அறுந்தால் 'நிறைந்தது' என்றே பொருள்படுமாறு சுவிட்சை இணைத்தல் வேண்டும். கம்பி அறுந்தால் நீர் வழிவதினும் மோட்டார் நிற்பது மேலன்றோ!

இரண்டாம் வாக்கியத்திற்கும் எட்டு வரிகளே. அவற்றுள் ஒன்றில் மட்டும் விடை ஒன்று. முன்பு 32 வரிகள் வேண்டியவிடத்து இப்போது 16 வரிகளே போதுமானவை. கருத்துத் தெளிந்தபோது சுற்றும் சுருங்கியது. மேலும், மின்சாரம் அறவே நின்று மீளும்போது நிரப்பு நிலையின் தொடக்க மதிப்பு ஒன்று என்பதையும் குறித்துவிடவேண்டும். குறிக்காவிடின் சில்லு தன் போக்கில் சுழியிலிருந்து தொடங்கி, பழைய இடர்ப்பாட்டையே மீண்டும் தரக்கூடும்.

சில்லில் ஏற்றுதல்

இவ்வாறு தெளிந்த விதியை வி.எச்.டி.எல்., வெரிலாக் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழியொன்றில் எழுதுகின்றோம். பின்வரும் படிகள் ஐந்து. முதலாவது, பாவனைச் சோதனை. மேற்கண்ட வரிகள் யாவும் சரியான விடை தருகின்றனவா எனக் கணினியில் ஓட்டிப் பார்த்தல். இரண்டாவது, எழுதியதை விடைப்பட்டியல்களாகவும் பதிவிகளாகவும் மென்பொருள் மாற்றுதல். மூன்றாவது, எந்த உள்ளீடு சில்லின் எந்தக் காலுக்கு உரியது என நாம் வரையறுத்தல். நான்காவது, சில்லின் எந்தக் கட்டத்தில் எதனை வைப்பது, எவ்வழியே இணைப்பது என மென்பொருள் முடிவுசெய்தல். ஐந்தாவது, அதன் பயனாகிய ஒன்று-சுழி வரிசையை ஜேடாக் எனப்படும் இணைப்புவழியே சில்லில் ஏற்றுதல்.

இவற்றுள் காலை வரையறுக்கும் படியில் மிகுந்த கருத்து வேண்டும். உள்ளீடாக இருக்கவேண்டிய காலை வெளியீடாகக் குறித்துவிட்டால், இரண்டு வெளியீடுகள் ஒன்றையொன்று எதிர்த்துச் சில்லே பழுதாகும். சில்லின் கால்கள் 3.3 வோல்ட்டு போன்ற குறைந்த அழுத்தத்தையே தாங்குவன. ஆகவே சுவிட்சுக் கம்பிகளை ஒளியிணைப்பான் வழியாகவும், மோட்டாரை ரிலே, ஸ்டார்ட்டர் வழியாகவுமே இணைத்தல் வேண்டும்.

எஃப்.பி.ஜி.ஏ. சில்லுகளுட் பெரும்பாலானவை மின்சாரம் நின்றதும் தாம் கற்றதை மறந்துவிடும். அருகிலுள்ள நிலைநினைவுச் சில்லொன்றில் அமைப்பைப் பதித்து வைத்தால், மின்சாரம் மீண்டதும் அதிலிருந்து படித்துக்கொள்ளும். சி.பி.எல்.டி. வகையோ அமைப்பைத் தன்னுள்ளேயே காப்பது.

தமிழகத்தின் முயற்சி

சில்லு வார்க்கும் ஆலை நிறுவுதல் பெரும்பொருட் செலவினது. ஆயினும் சில்லின் அமைப்பைச் சிந்தித்துச் சோதிக்க ஆலை வேண்டுவதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற 'சக்தி' செயலித் திட்டமே இதற்குச் சான்று. அச்செயலியின் வடிவமைப்பு எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளில் ஏற்றி இயக்கத்தக்கது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையிலும், பின்னர்ச் சண்டிகர் ஆலையில் 180 நானோமீட்டர் முறையிலும் அது சில்லாக வார்க்கப்பெற்றது. அதன் வடிவமைப்பு யாவரும் படித்துப் பயன்கொள்ளுமாறு வெளியிடப்பெற்றுள்ளது. பர்கூர் அரசினர் பொறியியற் கல்லூரி 1994ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றபோது அவ்வூர் தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தருமபுரியிலும் இன்று அரசினர் பொறியியற் கல்லூரி உள்ளது. அங்குப் பயிலும் மாணாக்கர் ஒருவர், சிறு பலகையொன்றை மேசைமேல் வைத்துத் தம் ஊர்த்தொட்டிக்குரிய சுற்றைத் தாமே எழுதிப் பார்க்க இயலும்.

முடிவுரை

மின்னணுவியலைத் தமிழில் சொல்ல இயலாது என்பார் கூற்றுக்கு முன்னோர் இருவர் விடையளித்துள்ளனர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்சு நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, சிலிக்கன் சில்லின் கதையைத் தமிழர்க்கு இனிய நடையில் உரைத்தார். 2017ஆம் ஆண்டில் மறைந்த மணவை முஸ்தபா, கணினிக் கலைச்சொற்களை அகராதிகளாகத் தொகுத்தளித்தார். அவர்கள் தொடங்கிய பணியைத் தொடர்தல் நம் கடனாகும்.

தொட்டி இயக்கும் பணியாளரின் சொல்லை உள்ளவாறு கேட்டு, அதனை மயக்கமற்ற தமிழ் வாக்கியமாக முதலில் எழுதவும், பின்னரே சில்லின் மொழிக்கு மாற்றவும் நாம் பழகுவோமாக. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியரும் சுற்று வரையும் மாணாக்கரும் ஒரு மேசையில் அமர்வதற்கு இதனினும் தக்க காரணம் வேண்டுவதில்லை.