கதிர்வீச்சு சிகிச்சை இயற்பியல்: சேர்வராயன் மலை மாணவருக்கு எந்தப் படிப்பு?

கதிர்வீச்சு சிகிச்சையில் கட்டியை அழிப்பது, திசுவுக்குள் இறங்கும் ஆற்றல். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. 1957இல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்த கோபால்ட்-60 கருவியின் காமா கதிர், தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே உச்ச அளவை எட்டும். இன்றைய 6 எம்வி லினாக் (நேரியல் முடுக்கி) கருவியில் அந்த ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர். தோலும் தப்பும், ஆழத்திலுள்ள கட்டிக்கும் கூடுதல் கதிர் சேரும். நோயாளிக்கு நோயாளி இந்தக் கணக்கைப் போட்டு, கருவி அதே அளவைத் தருகிறதா என்று அளப்பவர் மருத்துவ இயற்பியலாளர்.

அளப்பது நீர்த்தொட்டியில் வைத்த அயனி அறையால். அதற்குள் இருப்பது வெளிக்காற்றுதான். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு. அங்கே அந்த அறையை வைத்தால், கடல் மட்டத்தில் காட்டுவதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். அதை நம்பிக் கருவியின் அளவைக் கூட்டினால் நோயாளிக்கு 20 சதவீதம் அதிகக் கதிர் போய்விடும். அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் திருத்தம் போட்ட பிறகே அளவு உண்மையாகும்.

இந்தத் துறையில் மருத்துவராக விரும்புவோருக்கு நீட், எம்.பி.பி.எஸ்., எம்.டி. என்ற வழி தெரிந்ததே. கருவியை இயக்க பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி உண்டு. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அது நல்ல படிப்பு.

பலர் ஏமாறுவது பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில். "மெடிக்கலும் ஆச்சு, இன்ஜினியரிங்கும் ஆச்சு" என்று பெற்றோர் சேர்த்துவிடுகிறார்கள். காப்பி, மிளகு விற்ற பணம் நான்கு வருடக் கட்டணமாகக் கரைகிறது. வென்டிலேட்டர், மானிட்டர் போன்றவற்றைப் பராமரிக்கவும் வடிவமைக்கவும் அந்தப் படிப்பு உதவும். அந்த வேலையில் ஆசை உள்ளவர் தாராளமாகச் சேரலாம். ஆனால் மருத்துவ இயற்பியலாளர் பணிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்பது இயற்பியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம். கடைசி வருடத்தில் எம்.எஸ்சி. விண்ணப்பத்தைப் பார்த்த பிறகே பல பிள்ளைகளுக்கு இது தெரியவருகிறது. பெயரில் 'மெடிக்கல்' இருக்கிறது என்பதற்காக மட்டும் இதில் சேர்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

மவுசு இல்லாத பி.எஸ்சி. இயற்பியல்தான் மருத்துவ இயற்பியலாளர் ஆவதற்கு நேர்வழி. மலையிறங்கினால் சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே அது உண்டு. அதற்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்திலோ வேலூர் சி.எம்.சி.யிலோ எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிக்கலாம், அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியல் இயற்பியல் டிப்ளமோவில் சேரலாம். எந்த வழியானாலும் கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம். கணக்கில் பிடிப்பும், அளவு ஒத்துவராதபோது சலிக்காமல் மறுபடி அளக்கும் பொறுமையும் உள்ளவர் இந்த ஆறேழு வருடத்துக்கு அஞ்ச வேண்டாம்.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுவதற்கு முன், அங்குள்ள மருத்துவ இயற்பியல் படிப்பை ஒழுங்குமுறை வாரியம் ஏற்றிருக்கிறதா என்று பெற்றோர் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.