முயல் சொன்ன பாடம்: இரத்த அழுத்த மருந்தும் கை நடுக்கமும்

“டீச்சர், பாட்டி பிரஷர் மாத்திரை போடுறாங்க. இப்போ கை நடுங்குது. மாத்திரையை நிறுத்திடலாமா?” என்று என் மாணவி கேட்டாள். அவள் பாட்டி கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். விடை தேட, ஒரு வேரின் கதையைப் பார்ப்போம்.

சர்ப்பகந்தா இந்திய மூலிகை. அதன் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால், அதை உட்கொண்ட சிலருக்கு பார்க்கின்சன் நோயைப் போல உடல் விறைப்பும் கை நடுக்கமும் வந்தன. ஏன்?

1957-இல் சுவீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன் குழுவினர் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தனர். முயல்கள் காது தொங்க, அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோப்பா என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தினர். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின! எலிகளிலோ, ரிசர்பின் நடுக்கத்தையும் உண்டாக்கியது.

காரணம் இதுதான். நரம்பு செல்கள் தம் செய்திப் பொருள்களை நுண்பைகளில் சேமிக்கின்றன. அப்பைகள் நிரம்பாதபடி ரிசர்பின் தடுக்கிறது. இரத்தக் குழாய்களை அடுத்த நரம்புகளில் நோரட்ரினலின் குறைவதால் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. மூளையில் டோபமின் குறைவதால் அசைவு கெடுகிறது. ஒரே செயல், இரண்டு விளைவு! எல்-டோப்பா மூளையில் டோபமினாக மாறி அக்குறையை நிரப்புகிறது. இன்றும் பார்க்கின்சன் நோய்க்கு அது முக்கிய மருந்து. கார்ல்சன் 2000-இல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லா இரத்த அழுத்த மருந்துகளும் இப்படி அல்ல. ஹார்மலைன் கொடுத்து நடுங்கவைத்த எலிகளுக்குப் புரோப்ரனோலால் கொடுத்தபோது நடுக்கம் குறைந்தது. மனிதர்களிலும் ஒருவகைக் கை நடுக்கத்துக்கு மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள்.

எனவே, பாட்டியின் மாத்திரை எது என்பதே முதல் கேள்வி. ரிசர்பின் இன்று அரிதாகவே பயன்படுகிறது. தைராய்டு கோளாறு, ஆஸ்துமா மருந்து, கடுந்தேநீர் ஆகியவற்றாலும் கை நடுங்கலாம். மாத்திரையை நாமாக நிறுத்தினால் அழுத்தம் எகிறி, பக்கவாதம்கூட வரலாம். அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு, பாட்டியோடு கிளினிக்குக்குச் செல்லும்படி மாணவியிடம் சொன்னேன்.

சிந்தித்துப் பார்: கார்ல்சன் எல்-டோப்பாவுக்குப் பதில் டோபமினையே ஊசியாகப் போட்டிருந்தால், முயல் எழுந்திருக்குமா? (துப்பு: இரத்தத்திலுள்ள எல்லாப் பொருள்களும் மூளைக்குள் நுழைய முடியாது.)