ஒரு கேமராவா, ஒரு மூட்டைக் கேமராவா?
புகைப்படம் பழகும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டிக் கட்டுரை

முன்னுரை

பல்கலைக்கழகத்திற்கு வரும் நம் மாணவர்களில் பலருக்கு, தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கும் முதல் விலையுயர்ந்த பொருள் கேமராவாகத்தான் இருக்கிறது. கல்விக் கடனில் மிச்சம் பிடித்தோ, விடுமுறையில் பகுதி நேர வேலை செய்தோ அதை வாங்குகிறார்கள். வாங்கிய சில மாதங்களிலேயே அடுத்த ஆசை பிறக்கிறது. இன்னொரு லென்ஸ் வேண்டும்; பிறகு இன்னொரு கேமரா வேண்டும்; பிறகு வேறொரு நிறுவனத்தின் கேமரா இதைவிடச் சிறந்தது என்று தோன்றுகிறது. பை கனக்கிறது, ஆனால் படங்கள் கூடுவதில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ‘ரேஞ்சுஃபைண்டர்’ எனப்படும் தொலைவுமானிக் கேமரா ஒன்றையே நம்பி வாழ்வதா, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கேமரா அமைப்பு வைத்துக்கொள்வதா என்னும் விவாதம் புகைப்பட உலகில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அந்த விவாதத்தைப் புரிந்துகொண்டால் நம் பணத்தையும் காலத்தையும் சரியான இடத்தில் செலவிடலாம். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைவுமானிக் கேமரா எப்படி இயங்குகிறது?

நம் இரு கண்களும் சற்று விலகி இருப்பதால்தான் ஒரு பொருள் அருகில் உள்ளதா, தொலைவில் உள்ளதா என்று நம்மால் உணர முடிகிறது. தொலைவுமானியும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. கேமராவின் முன்புறத்தில் இரண்டு சன்னல்கள் விலகி இருக்கும். இரண்டின் வழியாகவும் வரும் காட்சிகள் பார்வைச் சட்டகத்தின் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். லென்ஸைச் சுழற்ற ஒரு காட்சி நகரும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் இடமே சரியான குவியம்.

இங்கே கவனிக்க வேண்டியது, நாம் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை என்பதுதான். தனியான ஒரு சன்னல் வழியாகப் பார்க்கிறோம். படத்தின் எல்லையை ஒளிக்கோடுகள் காட்டும். அதனால் சட்டகத்திற்கு வெளியே நடப்பதும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. யார் உள்ளே நுழையப் போகிறார், எந்தக் கை உயரப் போகிறது என்பதை முன்கூட்டியே அறியலாம்.

எஸ்எல்ஆர் கேமராவில் அப்படியன்று. லென்ஸின் பின்னால் உள்ள கண்ணாடி, காட்சியைப் பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்புகிறது. லென்ஸ் காண்பதையே நாமும் காண்கிறோம். ஆனால் படம் பதிவாகும் அந்த நொடிப்பொழுதில் கண்ணாடி மேலெழுவதால் காட்சி மறைந்துவிடும்.

சிறிது வரலாறு

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பார்னாக் உருவாக்கிய சிறிய கேமரா, 1925ஆம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் ‘லைக்கா’ என்ற பெயரில் அறிமுகமானது. அதில் தொலைவுமானி இணைக்கப்பட்டிருக்கவில்லை. 1932இல் வந்த லைக்கா 2, அதே ஆண்டில் ஸைஸ் ஐகான் வெளியிட்ட கான்டாக்ஸ் ஆகியவற்றில்தான் லென்ஸோடு இணைந்து இயங்கும் தொலைவுமானி அமைந்தது. 1954இல் வெளியான லைக்கா எம்3, பார்வைச் சன்னலையும் தொலைவுமானியையும் ஒன்றாக்கியது. இன்றுவரை எம் வரிசைத் தொலைவுமானிக் கேமராக்கள் அந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸோன், 1930களில் தொடங்கிப் பெரும்பாலும் ஒரு லைக்காவையும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸையுமே நம்பினார். காந்தியடிகள் 1948 ஜனவரி 30ஆம் நாள் சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்துப் படமெடுத்தவர் அவர். அதன்பின் துயரத்தில் மூழ்கிய டில்லியையும் இறுதி ஊர்வலத்தையும் பதிவு செய்தார்.

1959இல் நிக்கான் எஃப் வந்தபிறகு நிலைமை மாறியது. செய்திப் படக்கலைஞர்கள் எஸ்எல்ஆர் பக்கம் சாய்ந்தனர். ஆயினும் வியட்நாம் போர்க் காலத்தில் பலர் இரண்டையும் கழுத்தில் தொங்கவிட்டிருந்தனர். அகலக் கோண லென்ஸுக்கு லைக்கா. நீண்ட லென்ஸுக்கு நிக்கான். இது வெறும் பழக்கத்தால் வந்ததன்று. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு.

ஏன் இரண்டு தேவைப்பட்டன?

தொலைவுமானியின் துல்லியம், இரண்டு சன்னல்களுக்கும் இடையே உள்ள தூரத்தையும் பார்வைச் சன்னலின் உருப்பெருக்கத்தையும் பொறுத்தது. லைக்கா எம் வகையில் அந்தத் தூரம் ஏறத்தாழ 69 மில்லிமீட்டர். எம்3இன் உருப்பெருக்கம் 0.91; பின்னர் வழக்கிற்கு வந்தது 0.72. பெருக்கிப் பார்த்தால் முன்னதில் ஏறக்குறைய 63 மில்லிமீட்டரும், பின்னதில் ஏறக்குறைய 50 மில்லிமீட்டரும் பயனுறு அடித்தூரமாகக் கிடைக்கின்றன. எந்த லென்ஸை மாட்டினாலும் இந்த அளவு மாறுவதில்லை.

எஸ்எல்ஆரிலோ, லென்ஸ் நீள நீளக் காட்சி பெரிதாகிறது. குவியம் பிசகியிருந்தால் எளிதில் தெரிந்துவிடுகிறது. அகலக் கோண லென்ஸில் எல்லாமே சிறிதாகத் தெரிவதால், மங்கிய வெளிச்சத்தில் கையால் குவியம் பிடிப்பது கடினமாகிறது. ஆக, 28 முதல் 50 மில்லிமீட்டர் வரை தொலைவுமானிக்கு வலிமை. 90க்கு மேல் எஸ்எல்ஆருக்கு வலிமை. 135 மில்லிமீட்டரே தொலைவுமானியின் நடைமுறை எல்லை. அந்த லென்ஸுக்கான ஒளிக்கோடு, சன்னலின் நடுவில் ஒரு தபால்தலைபோல் சுருங்கிவிடும்.

வேறு குறைகளும் உண்டு. பெரும்பாலான எம் லென்ஸ்கள் 0.7 மீட்டருக்கும் அருகில் குவியம் பிடிப்பதில்லை. ஒரு தாலியையோ, பழைய கடிதத்தையோ சட்டகம் நிரம்பப் படமெடுக்க முடியாது. ஜூம் லென்ஸ் கிடையாது. தானியங்கிக் குவியமும் கிடையாது. கேமரா பலமாக அடிபட்டால் தொலைவுமானி பிசகிவிடக்கூடும். அதைச் சரிசெய்யப் பயிற்சி பெற்றவர் வேண்டும். லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்தாலும் சன்னலில் காட்சி தெளிவாகவே தெரியும்!

2012இல் அறிவிக்கப்பட்ட எம் டிஜிட்டல் கேமரா முதல், திரையில் நேரடியாகக் காட்சியைப் பார்த்துக் குவியம் பிடிக்கும் வசதி வந்துவிட்டது. ஆனால் அவ்வாறு எடுக்கும்போது நாம் தொலைவுமானியைப் பயன்படுத்துவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே கேமராவின் பயன்

ஒரே கேமராவும் ஒரே லென்ஸும் வைத்திருப்பவர், நாளடைவில் கேமராவைக் கண்ணில் வைக்குமுன்பே படத்தின் எல்லையை அறிந்துவிடுவார். 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் கால்களுக்கே தெரியும்.

குவியத்தையும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். 35 மில்லிமீட்டர் படச்சுருள் அளவுள்ள கேமராவில், 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்8இல் வைத்து, 3 மீட்டரில் குவியம் நிறுத்தினால், ஏறக்குறைய 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். இந்த இடைவெளிக்குள் நடப்பதை எடுக்க எந்தத் தானியங்கியும் தேவையில்லை. லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் கைநழுவிப் போகும் காட்சிகளும் குறையும்.

எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொழில்முறை டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோ. 24-70 லென்ஸ் 900 கிராம். 70-200 லென்ஸ் ஒன்றரைக் கிலோ. மொத்தம் மூன்றரைக் கிலோவை நெருங்கும். ஒரு டிஜிட்டல் லைக்கா எம்மும் சிறிய 35 மில்லிமீட்டர் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டுவதில்லை. கூடவே இருக்கும் கேமராதான் படமெடுக்கும். கனத்தால் விடுதி அறையில் விட்டுவந்த கேமரா எதையும் எடுப்பதில்லை.

முன்பு தொலைவுமானிக்கு இருந்த இன்னொரு பெருமை அமைதி. கண்ணாடி இல்லாததால் அதன் ஷட்டர் ஓசை மெல்லியது. இன்று கண்ணாடியற்ற கேமராக்கள் பலவற்றில் ஓசையே இல்லாத மின்னணு ஷட்டர் இருப்பதால், அந்தப் பெருமை தொலைவுமானிக்கு மட்டும் உரியதாக இல்லை. எஞ்சி நிற்பவை மூன்று: சிறிய உருவம், சட்டகத்திற்கு வெளியேயும் காணும் பார்வை, ஒன்றையே பழகுவதால் வரும் தேர்ச்சி. இவற்றுள் மூன்றாவதைப் பெற லைக்கா வாங்க வேண்டியதில்லை.

பத்துமலையில் வைத்துப் பார்ப்போம்

பத்துமலைத் தைப்பூசத்தை எடுத்துக்கொள்வோம். ஆற்றங்கரையில் அலகு குத்தும்போது சுற்றிலும் உறவினர்கள் நெருங்கி நிற்பார்கள். அங்கே எட்ட நின்று நீண்ட லென்ஸால் எடுத்தால் முதுகுகள்தாம் விழும். 35 மில்லிமீட்டரோடு குடும்பத்தாரின் அனுமதியுடன் ஒரு மீட்டர் அருகில் நிற்பவருக்கே தாயின் கையும் பக்தரின் முகமும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். பெரிய கேமராவைக் கண்டு ஒதுங்குபவர்கள், சிறிய கேமராவைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

ஆனால் அதே நாளில், 272 படிகளின் உச்சியை நெருங்கும் ஒரு காவடியைக் கீழிருந்து தனித்துக் காட்ட வேண்டுமானால் 200 மில்லிமீட்டர் வேண்டும். முருகன் சிலையின் 42.7 மீட்டர் உயரத்தையும் கூட்டத்தையும் ஒரு சேரக் காட்ட அகலக் கோணம் வேண்டும். நாளிதழுக்காகச் செல்பவர் இவற்றுள் எதையும் விட முடியாது. தன் கண்ணோட்டத்தில் ஒரு தொகுப்பு செய்யச் செல்லும் மாணவரோ, முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். எதை விடுவது என்று தீர்மானிப்பதும் கலையின் ஒரு பகுதியே.

‘பல கேமரா’ என்றால் என்ன?

இங்கே பலர் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. இரண்டு கேமரா வைத்திருப்பது வேறு; இரண்டு அமைப்புகள் வைத்திருப்பது வேறு. திருமணப் படமெடுப்பவருக்கு ஒரே நிறுவனத்தின், ஒரே லென்ஸ் பொருத்தியுடைய இரண்டு கேமராக்கள் கட்டாயம் தேவை. தாலி கட்டும் நேரத்தில் ஒன்று பழுதானால் மீண்டும் கட்டச் சொல்ல முடியாது. ஆனால் லென்ஸ், மின்கலம், மின்னூட்டி, ஃபிளாஷ் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு அமைப்புகளை வைத்திருப்பது இருமடங்குச் செலவு. அவசரத்தில் இருமடங்குக் குழப்பம்.

அமைப்பை மாற்றுவது சில வேளைகளில் நியாயமானதே. பிரேசிலின் செபாஸ்தியாவ் சல்காடோ பல்லாண்டுகள் லைக்காவில் பணியாற்றியவர். 2004இல் தொடங்கிய ‘ஜெனிசிஸ்’ திட்டத்திற்கு முதலில் பெரிய படச்சுருள் கொண்ட பென்டாக்ஸுக்கும், பின்னர் டிஜிட்டல் கேனனுக்கும் மாறினார். விமான நிலைய ஊடுகதிர்ச் சோதனையால் படச்சுருள்கள் கெடும் என்ற கவலையும் அந்த இரண்டாவது மாற்றத்திற்கு ஒரு காரணம். வேலை கேட்டது; கருவி மாறியது. கருவி மாறியதால் வேலை பிறக்கவில்லை.

செலவும் பராமரிப்பும்

புதிய டிஜிட்டல் லைக்கா எம் ஒன்றின் விலை, புதிதாக வேலையில் சேரும் பட்டதாரியின் ஓராண்டுச் சம்பளத்தை ஒட்டி நிற்கும். லென்ஸின் விலை தனி. ஆகவே மாணவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க இயலாது. 1970களின் கேனோனெட், 1960களின் யஷிக்கா எலெக்ட்ரோ போன்ற, லென்ஸ் கழற்ற முடியாத தொலைவுமானிக் கேமராக்கள் பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன. ஆனால் அக்காலப் பாதரச மின்கலங்கள் இப்போது விற்பனையில் இல்லாததால் மாற்று ஏற்பாடு வேண்டும். 36 படங்களுக்கு ஒரு சுருளும் கழுவும் கூலியும் சேரும். 2011இல் தொடங்கிய ஃபியூஜி எக்ஸ்100 வரிசை தொலைவுமானி அன்று. எனினும் ஒளிக்கோடுகளுடைய சன்னலையும் ஒரே லென்ஸையும் கொண்டது. இவை எதுவும் வேண்டாம் என்றால், கையில் உள்ள கேமராவில் 35 மில்லிமீட்டருக்கு நிகரான சிறிய லென்ஸ் ஒன்றை மாட்டிவிட்டு, மற்றவற்றை ஓராண்டு தொடாமல் இருக்கலாம்.

நம் நாட்டு ஈரப்பதத்தையும் மறக்கக்கூடாது. அடிக்கடி பயன்படும் லென்ஸைவிட, பையிலேயே உறங்கும் லென்ஸில்தான் பூஞ்சை எளிதில் படரும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி தேவை. லென்ஸ்கள் கூடக்கூடப் பெட்டியும் பெரிதாகும்.

எவ்வாறு முடிவு செய்வது?

முதலாவதாக, ஜூம் லென்ஸில் நீங்கள் எடுத்தவற்றுள் பிடித்த 200 படங்களைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு டிஜிட்டல் கோப்பிலும் குவியத் தூரம் பதிவாகியிருக்கும். அதை எண்ணிப் பட்டியலிடுங்கள். பெரும்பாலானவை ஓரிரு அளவுகளைச் சுற்றியே இருக்கக் காண்பீர்கள். அதுவே உங்கள் லென்ஸ்.

இரண்டாவதாக, ஆறு மாதங்கள் அந்த ஒரே லென்ஸோடு பழகுங்கள். தவறவிட்ட படங்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தொலைவா, நெருக்கமா, இருட்டா, வேகமா? காரணத்தையும் எழுதுங்கள்.

மூன்றாவதாக, ஒரே காரணம் மீண்டும் மீண்டும் வந்தால் மட்டும், அதற்குரிய லென்ஸை இரவல் பெற்றோ வாடகைக்கு எடுத்தோ பாருங்கள். குறை நீங்கினால் வாங்குங்கள். ஒரு லென்ஸால் தீராத குறையாக இருந்தால்தான் இன்னோர் அமைப்பைப் பற்றி எண்ண வேண்டும். பறவைகள், விளையாட்டு, மேடை நாடகம் ஆகியவற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் இந்தக் கட்டத்திற்கு விரைவில் வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தொலைவுமானி தொடக்கத்திலிருந்தே பொருந்தாது.

முடிவுரை

நம் பாட்டன்மார் பால்மரம் சீவிய தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பிறட்டுக்களத்தில் பெயர் கொடுத்து வேலைக்குச் சென்ற தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களின் முகங்களையும், லயத்து வீட்டு வாசல்களையும், சுருக்கம் விழுந்த கைகளையும் பதிவு செய்ய 200 மில்லிமீட்டர் லென்ஸ் தேவையில்லை. அருகில் அமர்ந்து பேசும் தூரத்தில் எடுக்கும் ஒரு கேமரா போதும். அடுத்த கேமராவிற்காக நாம் பணம் சேர்க்கும் காலத்தில் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர்கள், கையில் இருக்கும் ஒரு கேமராவோடு பாட்டியின் எதிரில் உட்கார்ந்து தொடங்கலாம்.